எட்டு மாதம் பயன்படுத்திய நடுத்தர விலை மடிக்கணினி: வைத்துக்கொள்ளலாமா, விற்றுவிடலாமா?

செங்காங்வாசி
சனி, இரவு 9.14

வணக்கம். ஏப்ரலில் மகள் பலதுறைத் தொழிற்கல்லூரியில் வடிவமைப்புப் படிப்பில் சேர்ந்தபோது ஒரு மடிக்கணினி வாங்கிக் கொடுத்தேன். பொருள் சேவை வரியோடு சேர்த்து 1,149 சிங்கப்பூர் வெள்ளி. நிறுவனத்தின் பெயர் வேண்டாம். நான் சொல்லப்போகும் குறைகள் இந்த விலையில் பல நிறுவனங்களின் பொருள்களிலும் இருப்பவைதான்.

உள்ளே இருப்பவை: 14 அங்குலத் திரை, 1920க்கு 1200 புள்ளிகள், ரைசன் 5 7530யூ செயலி, 16 ஜிபி ரேம், 512 ஜிபி எஸ்எஸ்டி, 56 வாட்-மணி பேட்டரி. எடை 1.4 கிலோ. யூஎஸ்பி-சி வழியாகத்தான் சார்ஜ் ஏறும்.

முதலில் நல்லதைச் சொல்கிறேன். காலையில் சார்ஜரை வீட்டிலேயே வைத்துவிட்டுப் போகிறாள், மாலையில் திரும்பும்போதும் கொஞ்சம் மிச்சம் இருக்கிறது. பாடக் குறிப்பு, உலாவி, இணைய வகுப்பு என்றால் ஏழரை மணி நேரம் தாங்குகிறது. விசைகள் அழுத்தமாக, கைக்கு இதமாக இருக்கின்றன. நூலகத்தில் பக்கத்தில் இருப்பவருக்குக்கூட விசிறிச் சத்தம் கேட்காது. படம் திருத்தும் மென்பொருள் ஒன்று, உலாவியில் முப்பது பக்கங்கள், பின்னணியில் பாட்டு, இவ்வளவும் ஒன்றாக ஓடினாலும் திணறவில்லை.

இனிக் குறை. திரை. இந்த ஒரு விஷயத்துக்காகத்தான் இவ்வளவும் எழுதுகிறேன்.

தீபாவளிக்கு எங்கள் வட்டாரத்து நிகழ்ச்சி ஒன்றுக்கு அவள் சுவரொட்டி செய்தாள். நடுவில் குங்குமச் சிவப்பில் பெரிய கோலம். அவள் திரையில் அந்தச் சிவப்பு செங்கல் பொடி மாதிரி மங்கித் தெரிந்தது. போதவில்லை என்று நிறத்தைக் கூட்டினாள், இன்னும் கூட்டினாள். கடைசியில் கோப்பை ஏற்பாட்டாளரின் கைப்பேசியில் திறந்தபோது சிவப்பு கண்ணைக் குத்தியது, பக்கத்தில் இருந்த மஞ்சளும் பச்சையும் பளீரென்று அடித்தன. இரண்டு வார உழைப்பு. அன்று இரவு உட்கார்ந்து எல்லாவற்றையும் என் பழைய கணினித் திரையில் மாற்றினாள். பிறகுதான் பெட்டியில் இருந்த விவரத் தாளை எடுத்துப் படித்தேன். 250 நிட், 45 விழுக்காடு என்டிஎஸ்சி என்று சிறிய எழுத்தில் போட்டிருந்தது. கடையில் நிற்கும்போது அதற்கு என்ன பொருள் என்று எனக்குத் தெரியாது. செயலி, ரேம், எஸ்எஸ்டி மூன்றையும்தான் நான்கு கடைகளில் ஒப்பிட்டுப் பார்த்தேன்.

இன்னொன்று: அடுக்குமாடிக் கீழ்த்தளத்தில் பகல் வெளிச்சத்தில் உட்கார்ந்தால் திரையில் எங்கள் முகம்தான் தெரிகிறது.

இப்போது கேள்வி. இதை விற்றுவிட்டு நல்ல திரை உள்ளதாக வாங்குவதா, அல்லது வைத்துக்கொண்டு வேறு வழி பார்ப்பதா? உங்கள் அனுபவத்தில் இந்த விலைப் பொருள்களை எப்படி எடைபோடுவீர்கள்?

---

திருகாணி
சனி, இரவு 10.02

செங்காங்வாசி, முதலில் விற்காதீர்கள். காரணத்தைச் சொல்கிறேன், கொஞ்சம் நீளமாகப் போகும்.

நான் மடிக்கணினி பழுதுபார்ப்பவன். சிம் லிம் ஸ்குவேர் மின்னணுக் கடைத்தொகுதியில் பல ஆண்டுகள் வேலை பார்த்தேன், இப்போது வீட்டிலிருந்து செய்கிறேன். இத்தனை ஆண்டில் செயலி கெட்டுப்போய் என் மேசைக்கு வந்தவற்றை விரல்விட்டு எண்ணிவிடலாம். வருவதெல்லாம் உடைந்த கீல், ஆடிப்போன சார்ஜர் துளை, வீங்கிய பேட்டரி, பஞ்சு அடைத்த விசிறி, காப்பி கொட்டிய விசைப்பலகை. ஆனால் கடையில் எல்லாரும் கேட்பது செயலியின் பெயரை மட்டும்.

ஆயிரம் வெள்ளிக்கும் ஆயிரத்து ஐந்நூறு வெள்ளிக்கும் நடுவில் விற்கிற எந்தப் பொருளிலும் நிறுவனம் எங்காவது ஓரிடத்தில் செலவைக் குறைத்துத்தான் ஆக வேண்டும். முன்பக்க ஒட்டுவில்லையில் எழுத வேண்டியவற்றில் கை வைக்க மாட்டார்கள். வாங்குபவர் கேட்காத இடத்தில்தான் கை வைப்பார்கள். திரை, கீல், ரேம் துளை, பேட்டரி, கேமரா, ஒலிபெருக்கி. ஆகவே நான் பார்ப்பது ஒன்றுதான்: எங்கே குறைத்திருக்கிறார்கள், அந்தக் குறை இவருக்கு வலிக்குமா? உங்கள் பொருளைக் கணக்கு எழுதும் ஒருவர் வாங்கியிருந்தால் ஐந்து ஆண்டு மகிழ்ச்சியாக ஓட்டியிருப்பார். வடிவமைப்பு படிக்கும் பெண்ணிடம் வந்ததால்தான் அதே திரை பெரிய குறையாகிவிட்டது.

என்டிஎஸ்சி என்பது திரை காட்டும் நிற வரம்பை அளக்கும் ஓர் அளவுகோல். அதில் 45 விழுக்காடு என்றால் இணையத்திலும் கைப்பேசியிலும் வழக்கமாகப் பயன்படும் எஸ்ஆர்ஜிபி நிற வரம்பில் ஏறத்தாழ 60 முதல் 65 விழுக்காடுதான் அந்தத் திரையால் காட்ட முடியும். மீதி நிறங்களை மங்கலாக்கிக் காட்டும், சிவப்பில் அது நன்றாகவே தெரியும். உங்கள் மகள் செய்ததில் தவறே இல்லை. கண் சொன்னதை நம்பித் திருத்தியிருக்கிறாள், திரைதான் அவளை ஏமாற்றியது. வாங்கும்போது தேட வேண்டிய சொல் "100 விழுக்காடு எஸ்ஆர்ஜிபி". வெளிச்சத்துக்குக் குறைந்தது 300 நிட், வெளியே உட்கார்ந்து வேலை செய்பவர் என்றால் 400.

செயலி பற்றியும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அங்கேயும் பெயர் மயக்கம் உண்டு. 7530யூ என்பதில் முதல் 7 என்பது 2023ஆம் ஆண்டு வரிசையைக் குறிக்கும். மூன்றாவது இலக்கம்தான் உள்ளே இருக்கும் கட்டமைப்பைச் சொல்லும். 2 என்றால் ஜென் 2, 3 என்றால் ஜென் 3, 4 என்றால் ஜென் 4. உங்களுடையது ஜென் 3, அது முதலில் வெளிவந்தது 2020இல். பழையதுதான், ஆனாலும் ஆறு கோர் (கணக்குப் போடும் அலகு) இருக்கிறது, வேலைக்குப் போதும். 7520யூ என்று ஒன்று உண்டு. எண்ணில் ஓர் இலக்கம்தான் வேறு. ஆனால் அதில் நான்கு கோர், ஜென் 2 கட்டமைப்பு. இரண்டின் முன்பக்கமும் ரைசன் 5 என்றே ஒட்டியிருக்கும். இன்டெலிலும் அப்படித்தான். ஐ5-1335யூவில் பத்து கோர் என்பார்கள், அதில் வேகமான கோர் இரண்டு, மற்ற எட்டும் மின்சிக்கனக் கோர். ஐ5-13420எச்சில் மொத்தம் எட்டுதான், ஆனால் வேகமானவை நான்கு. "ஐ5 இருக்கிறது" என்று விற்பனையாளர் சொன்னால் அது பாதி விவரம்கூட இல்லை.

நான் ஒரு பொருளை மதிப்பிடுவது அடிப்பக்கத்தைக் கழற்றிய பிறகுதான். ரேம் பலகையில் பற்றவைத்திருக்கிறதா, துளையில் செருகியிருக்கிறதா. பேட்டரி திருகாணியில் நிற்கிறதா, பசையில் ஒட்டியிருக்கிறதா. கீல் உலோகத்தில் திருகியிருக்கிறதா, பிளாஸ்டிக்கில் பதித்த சின்னப் பித்தளைக் குமிழில் திருகியிருக்கிறதா. அந்தப் பிளாஸ்டிக் இரண்டு மூன்று ஆண்டில் வெடிக்கும், திரையைத் திறக்கும்போது மூலை மேலே தூக்கும். திறந்து மூடும்போது ஒரு பக்கம் மட்டும் இறுக்கமாக இருந்தாலே அதற்கான அறிகுறி. திரையின் நடுவில் பிடித்துத் திறக்கச் சொல்லுங்கள், ஓரத்தைப் பிடித்து இழுக்க வேண்டாம்.

உங்கள் சார்ஜர் யூஎஸ்பி-சி என்கிறீர்கள். வசதிதான். ஆனால் அந்தத் துளை பெரும்பாலும் தாய்ப்பலகையிலேயே பற்றவைத்திருக்கும். பழைய உருண்டைத் துளை தனி வயரில் வரும், மாற்றுவது எளிது, செலவும் குறைவு. நூலகத்தில் யாராவது வயரில் கால் இடறினால் உங்களுக்குத்தான் நட்டம். வளைந்த முனையுள்ள வயர் ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள்.

---

மூன்றாமாண்டு
சனி, இரவு 10.40

பொறியியல் மாணவன். திருகாணி அண்ணா சொன்னதில் ஒன்றை மட்டும் மறுக்கிறேன். செயலியும் வரைகலைச் சில்லும் முக்கியமில்லை என்பதுபோல் ஆகிவிடக்கூடாது. முப்பரிமாண வரைவு, உருவகப்படுத்தல் எல்லாம் செய்பவர்களுக்குத் தனி வரைகலைச் சில்லு இல்லாமல் நடக்காது. அதனால் நான் 1,500 வெள்ளிக்குள் ஆர்டிஎக்ஸ் 4050 உள்ளதாகத் தேடி வாங்கினேன்.

ஆனால் அங்கேயும் மாட்டிக்கொண்டேன் என்பது உண்மை. 4050 என்ற பெயர் ஒன்றுதான், அதற்குக் கொடுக்கும் மின்சாரம் 35 வாட்டிலிருந்து 115 வாட் வரை நிறுவனத்தின் விருப்பம். என்னுடையது அடிமட்டத்துக்குப் பக்கத்தில். என் நண்பனுடையது அதே பெயர், ஆனால் பருமனான உடல், நல்ல குளிரூட்டல். ஒரே உருவகப்படுத்தலை இருவரும் ஓட்டினால் அவனுடையது பல நிமிடங்கள் முன்னதாக முடிந்துவிடுகிறது. விளம்பரத் தாளில் வாட் அளவே இல்லை. நிறுவனத்தின் இணையப் பக்கத்தில் கடைசியில் இருந்தது.

மற்றபடி உடலும் சார்ஜரும் சேர்த்து மூன்று கிலோவுக்குப் பக்கம். பூன் லேயிலிருந்து தினமும் பேருந்தில் தூக்கிக்கொண்டு போகிறேன். மின்செருகு இல்லாத விரிவுரை அறையில் மூன்று மணி நேரத்துக்கு மேல் தாங்காது. உருவகப்படுத்தல் ஓடும்போது விசிறிச் சத்தம் எழுந்தால் நானே எழுந்து வெளியே போய்விடுவேன், மற்றவர்கள் படிக்கிறார்கள். அந்த வகையில் செங்காங்வாசி அண்ணன் வாங்கியது நாள் முழுக்கச் சுமப்பவர்களுக்கு நல்ல தேர்வுதான்.

---

தமிழாசிரியை
ஞாயிறு, காலை 7.25

நிறத்தைப் பற்றி எல்லாரும் பேசுகிறீர்கள். நான் எழுத்தைப் பற்றிப் பேசுகிறேன்.

தினமும் மாணவர்களின் கட்டுரைகளைத் திரையில் திருத்துகிறேன். முன்பு வைத்திருந்தது 1366க்கு 768 புள்ளித் திரை. அதில் ஆங்கிலம் தெளிவாகத் தெரியும், தமிழ் தெரியாது. ணகரத்துக்கும் னகரத்துக்கும் உள்ள அந்த ஒரு சுழி வித்தியாசம் கலங்கிப்போகும். மெய்யெழுத்தின் மேல் உள்ள புள்ளி இருக்கிறதா இல்லையா என்று கண்ணைச் சுருக்கிப் பார்க்க வேண்டும். "மன்னன்" என்று பிள்ளை சரியாக எழுதியிருந்தும் நான் வட்டமிட்டுவிட்டேன். அவன் வந்து, "ஆசிரியை, புள்ளி வைத்திருக்கிறேன்" என்று காட்டியபோது மனம் கஷ்டப்பட்டது. அடுத்த மாதமே மாற்றினேன்.

நம் எழுத்தில் வளைவும் சுழியும் அதிகம். புள்ளி நெருக்கம் குறைந்த திரையில் அவை முதலில் சிதையும். தமிழில் அதிகம் படிக்கிறவர்கள் 14 அங்குலத்தில் 1920க்கு 1200க்குக் குறைந்து போகாதீர்கள் என்பது என் கருத்து. உயரம் கூடிய 16:10 திரை என்பதும் சின்ன விஷயமில்லை. 1080 வரிசைக்குப் பதில் 1200 வரிசை, அதாவது ஒன்பதில் ஒரு பங்கு உயரம் கூடுதல். ஒரு பத்தி கூடுதலாகத் தெரிகிறது. செங்காங்வாசி, உங்கள் திரையில் அந்தப் பங்கு நன்றாக இருக்கிறது, அதை மறந்துவிடாதீர்கள்.

ஓஎல்இடி திரையைப் பற்றியும் கேட்பார்கள். நிறம் அருமை, கறுப்பு உண்மையான கறுப்பு. ஆனால் பல ஓஎல்இடி திரைகள் வெளிச்சத்தைக் குறைப்பதற்கு வேகமாக மினுக்குகின்றன. எல்லாருக்கும் தெரியாது, எனக்குத் தலைவலி வந்தது. வாங்குவதற்கு முன் வெளிச்சத்தைக் கால்பங்குக்குக் குறைத்து, பத்து நிமிடம் ஒரு பக்கத்தைப் படித்துப் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள்.

---

புக்கிட் பாத்தோக் அக்கா
ஞாயிறு, காலை 9.10

கீல் பற்றித் திருகாணி எழுதியது அப்படியே எனக்கு நடந்தது. வாங்கி ஐந்தாவது மாதம். வலது மூலை தூக்கிக்கொண்டது. கடைக்கு எடுத்துப் போனேன், "கீழே போட்டிருப்பீர்கள், உத்தரவாதத்தில் வராது" என்றார்கள். போடவில்லை. உடலில் ஒரு கீறல் இல்லை.

பிறகு தெரிந்தவர் ஒருவர் சொன்னார். 2012 செப்டம்பர் முதல் சிங்கப்பூரில் குறைபாடுள்ள பொருள்களுக்கான சட்டம் நடப்பில் இருக்கிறது. பொருளைப் பெற்ற ஆறு மாதத்துக்குள் குறை தெரிந்தால், அது வாங்கும்போதே இருந்தது என்றுதான் சட்டம் எடுத்துக்கொள்ளும். இல்லை என்று காட்ட வேண்டியது விற்றவரின் பொறுப்பு. முதலில் பழுதுபார்த்துத் தர வேண்டும் அல்லது மாற்றித் தர வேண்டும். நியாயமான காலத்துக்குள் முடியாவிட்டால் விலையைக் குறைத்துத் தரவோ பணத்தைத் திருப்பிக் கேட்கவோ வழி இருக்கிறது. இதைத் தேதியோடும் படங்களோடும் எழுதிக் கடைக்கு அனுப்பினேன். ஒன்பது நாளில் கீலை மாற்றித் தந்தார்கள். ஒத்துவராவிட்டால் பயனீட்டாளர் சங்கம் இருக்கிறது, அதற்கு மேல் சிறு உரிமைகோரல் நடுவர் மன்றம் இருக்கிறது.

ரசீதைப் பத்திரமாக வையுங்கள். வாங்கிய அன்றே நாலாபுறமும் படம் எடுத்து வையுங்கள். நான் எடுத்திருந்தேன், அதுதான் காப்பாற்றியது.

---

துவாஸ் தம்பி
ஞாயிறு, மதியம் 2.30

அண்ணன்மார், அக்காமார் எல்லாருக்கும் வணக்கம். நான் கப்பல் பட்டறையில் வேலை, விடுதியில் இருக்கிறேன். பொங்கலுக்கு ஊருக்குப் போகிறேன். கும்பகோணத்தில் தங்கை பொறியியல் முதலாண்டு படிக்கிறாள், கணினித் துறை. அவளுக்கு ஒன்று வாங்கிப் போக ஆசை. 900 வெள்ளி சேர்த்து வைத்திருக்கிறேன். இங்கே வாங்கினால் நல்லதா, ஊரில் வாங்கினால் நல்லதா? இங்கே கடையில் ஒன்று காட்டினார்கள், 8 ஜிபி ரேம், பிறகு கூட்டிக்கொள்ளலாம் என்கிறார்கள். நம்பலாமா? தவறாக வாங்கிவிட்டால் அவளால் மாற்ற முடியாது, அதனால்தான் கேட்கிறேன்.

---

திருகாணி
ஞாயிறு, மாலை 4.05

தம்பி, நல்ல நேரத்தில் கேட்டீர்கள். ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

8 ஜிபி பற்றி. கூட்டிக்கொள்ளலாம் என்பதை வாயால் சொன்னால் ஏற்காதீர்கள். எல்பிடிடிஆர் என்று தொடங்கும் ரேம் என்றால் இந்த விலையில் அது பலகையில் பற்றவைத்ததுதான், வாழ்நாள் முழுக்க அதே அளவு. டிடிஆர்4 அல்லது டிடிஆர்5 என்று மட்டும் இருந்தால் துளை இருக்க வாய்ப்பு உண்டு. கடையில் விண்டோஸின் டாஸ்க் மேனேஜரைத் திறந்து நினைவகப் பக்கத்தைப் பாருங்கள். எத்தனை துளையில் எத்தனை பயன்பாட்டில் இருக்கிறது என்று பெரும்பாலும் காட்டும். அதோடு சரியான மாதிரி எண்ணைக் குறித்துக்கொண்டு வந்து இங்கே போடுங்கள், நான் பார்த்துச் சொல்கிறேன். கணினித் துறைப் படிப்புக்கு 16 ஜிபி வேண்டும். விண்டோஸும் உலாவியுமே 8 ஜிபியில் பெரும்பகுதியைத் தின்றுவிடும், அப்புறம் அவள் நிரல் எழுதும் மென்பொருளுக்கு என்ன மிஞ்சும்? ரேம் விலை இப்போது ஏறிக்கொண்டிருக்கிறது, கூட்டுவதாக இருந்தால் தள்ளிப்போட வேண்டாம்.

இன்னொரு காரணமும் உண்டு. தனி வரைகலைச் சில்லு இல்லாத கணினியில் படம் காட்டும் வேலைக்கும் அதே ரேம்தான். ஒரு துளையில் மட்டும் ரேம் இருந்தால் ஒற்றைப் பாதை, இரண்டில் இருந்தால் இரட்டைப் பாதை. இரண்டாவது வில்லை போட்டதும் திரை வேலைகள் கண்ணுக்குத் தெரிகிற அளவுக்குச் சுறுசுறுப்பாகும்.

ஊரா இங்கேயா என்றால், உத்தரவாதம்தான் முடிவு செய்ய வேண்டும். சில வரிசைகளுக்கு அனைத்துலக உத்தரவாதம் உண்டு, பலவற்றுக்கு வாங்கிய நாட்டில் மட்டும்தான். அதே நிறுவனத்திலேயே வரிசைக்கு வரிசை மாறும். மாதிரி எண்ணோடு நிறுவனத்தின் இணையப் பக்கத்தில் பார்த்து, எழுத்தில் இருந்தால் மட்டும் வாங்குங்கள். இல்லையென்றால் பணத்தை ஊரில் கொடுத்து வாங்குவது மேல். கும்பகோணத்திலிருந்து பழுதுக்காக இங்கே அனுப்ப முடியாது.

சுங்கத்தில் பயப்பட வேண்டாம். 18 வயதுக்கு மேற்பட்ட பயணி ஒரு மடிக்கணினியை வரியில்லாமல் இந்தியாவுக்குக் கொண்டுபோகலாம். பேட்டரி உள்ள பொருள், அதனால் கைப்பையில் வையுங்கள். மின்சாரம் இரண்டு நாட்டிலும் 230 வோல்ட் என்பதால் சார்ஜர் அப்படியே வேலை செய்யும், செருகு மட்டும்தான் வேறு. நம்முடையது தட்டை முள், அங்கே உருண்டை முள். விமான நிலையத்தில் வரியைத் திரும்பப் பெறுவது சுற்றுப்பயணிகளுக்கு மட்டும். இங்கே வேலை பார்ப்பவர்களுக்குக் கிடையாது, அதைக் கழித்துக் கணக்குப் போடாதீர்கள்.

---

ஓய்வுபெற்ற கணக்கர்
ஞாயிறு, மாலை 6.20

தம்பிக்கு வேறு ஒரு வழி சொல்கிறேன். அலுவலகங்கள் மூன்று நான்கு ஆண்டு பயன்படுத்திவிட்டுத் திருப்பும் வணிக வரிசை மடிக்கணினிகள் புதுப்பித்து விற்கப்படுகின்றன. திங்க்பேட், லாட்டிடியூட், எலைட்புக் போன்றவை. புதிதில் இரண்டாயிரம் வெள்ளிக்கு மேல் விற்றவை. உடல் உறுதி, விசைப்பலகை அருமை, கழற்றிப் பூட்டுவதற்கான கையேடுகளை நிறுவனங்களே இணையத்தில் வைத்திருக்கின்றன. என் பேரனுக்கு அப்படித்தான் 600 வெள்ளிக்குள் ஒன்று வாங்கினேன், இரண்டு ஆண்டாக ஓடுகிறது.

ஒரு நிபந்தனை. விண்டோஸ் 10க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14ஆம் தேதியோடு முடிந்துவிட்டது. விண்டோஸ் 11 ஏற்க இன்டெல் என்றால் எட்டாம் தலைமுறைக்குக் குறையாமல் இருக்க வேண்டும். அதற்கும் பழையதை மலிவாக இருக்கிறது என்று வாங்கிவிடாதீர்கள்.

---

திருகாணி
ஞாயிறு, மாலை 6.48

ஐயா சொல்வது சரி. ஆனால் பேட்டரியைப் பார்க்காமல் வாங்கக்கூடாது. விண்டோஸிலேயே பேட்டரி அறிக்கை எடுக்கலாம். வடிவமைப்புக் கொள்ளளவு, இப்போது முழுதாக ஏறும் அளவு என்று இரண்டு எண்கள் வரும். இரண்டாவது முதலாவதில் 80 விழுக்காட்டுக்குக் கீழே இருந்தால் புதுப் பேட்டரியின் விலையையும் சேர்த்துத்தான் பேரம் பேச வேண்டும். எங்கேயோ ஊரில் இருக்கும் பெண்ணுக்கு என்றால், நான் புதியதையே சொல்வேன்.

---

செங்காங்வாசி
ஞாயிறு, இரவு 9.30

எல்லாருக்கும் நன்றி. மகள் பக்கத்தில் உட்கார்ந்து அத்தனையும் படித்தாள். அவளே எழுத வேண்டும் என்கிறாள். இனி அவள்:

வணக்கம் அங்கிள், ஆன்ட்டி. அப்பா திரையைப் பற்றி மட்டும்தான் எழுதியிருக்கிறார். எனக்கு இந்தக் கணினியை விற்க மனமில்லை. காலை ரயிலில் உட்கார இடம் கிடைக்காத நாளில் 1.4 கிலோவின் அருமை தெரியும். தொடுதளம் பெரியது, சுட்டி இல்லாமலே வரைந்து பழகிவிட்டேன். சுவரொட்டி விஷயத்தில் அழுதது உண்மைதான். ஆனால் அதற்குப் பிறகு நான் ஒரு சோதனை செய்தேன். ஒரே கோப்பை என் திரை, கல்லூரி ஆய்வுக்கூடத்தின் திரை, அம்மாவின் கைப்பேசி மூன்றிலும் வைத்துப் பார்த்தேன். ஊதாவும் நீலமும் பெரிதாக மாறவில்லை. சிவப்பு, ஆரஞ்சு, இலைப் பச்சை மூன்றும்தான் என் திரையில் செத்துப்போகின்றன. அதாவது நம் கோலம், மாவிலை, சாமந்தி எல்லாம்! இப்போது நிறத்தைக் கண்ணால் முடிவு செய்வதில்லை, நிறத்தின் எண்ணைப் போட்டு வைக்கிறேன். கடைசிப் பார்வை ஆய்வுக்கூடத்தில்.

ஒரு கேள்வி. வீட்டில் தனித் திரை ஒன்று வாங்கினால் இதிலிருந்து இணைக்க முடியுமா? யூஎஸ்பி-சி ஒன்று, எச்டிஎம்ஐ ஒன்று இருக்கிறது.

---

திருகாணி
ஞாயிறு, இரவு 9.55

முடியும் அம்மா. இந்தப் பதிலைத்தான் உங்கள் அப்பாவுக்கு முதலிலேயே சொல்லியிருக்க வேண்டும். விற்றால் இரண்டாம்கை விலையில் சில நூறு வெள்ளி போய்விடும். 24 அங்குல ஐபிஎஸ் திரை, 99 விழுக்காடு எஸ்ஆர்ஜிபி என்று எழுதியது, 200 வெள்ளிக்குப் பக்கத்தில் கிடைக்கும்.

யூஎஸ்பி-சி துளை சார்ஜ் ஏற்றுகிறது என்பதால் படமும் அனுப்பும் என்று நினைக்க வேண்டாம், இரண்டும் வேறு வேறு திறன். பக்கத்தில் சின்ன திரைக் குறியோ டிஸ்பிளேபோர்ட் குறியோ இருக்கிறதா பாருங்கள், இல்லாவிட்டால் கையேட்டில் பாருங்கள். எச்டிஎம்ஐ எப்படியும் வேலை செய்யும். ஆனால் இந்த விலைப் பொருள்களில் அது பெரும்பாலும் 1.4 வகைதான். 4கே திரை வாங்கினால் நொடிக்கு 30 முறைதான் படம் மாறும், சுட்டி இழுபடும். 1920க்கு 1200 அல்லது 1080 திரை என்றால் எந்தச் சிக்கலும் இல்லை.

வீட்டில் எப்போதும் மின்செருகில் இருந்தால் சார்ஜ் வரம்பை 80 விழுக்காடு என்று வையுங்கள். நிறுவனத்தின் சொந்த மென்பொருளில் பெரும்பாலும் அந்த வசதி இருக்கும். லித்தியம் பேட்டரிக்கு முழுச் சார்ஜும் சூடும் சேர்ந்தால் ஆகாது, இங்கே குளிர்சாதனம் இல்லாத அறையில் பகலில் பெரும்பாலும் 30 பாகையைத் தொட்டுவிடும்.

---

மூன்றாமாண்டு
ஞாயிறு, இரவு 10.12

512 ஜிபி வாங்கினேன், 476தான் காட்டுகிறது, கடைக்காரர் ஏமாற்றிவிட்டாரா என்று என் அம்மா கேட்டார். வேறு யாராவது பதற்றப்பட்டால் தெரிந்துகொள்ளட்டும்: நிறுவனம் ஆயிரம் ஆயிரமாக எண்ணுகிறது, விண்டோஸ் 1,024 ஆக எண்ணுகிறது. இடம் குறையவில்லை.

---

செங்காங்வாசி
அடுத்த சனி, இரவு 8.50

தகவல் சொல்லிவிடுகிறேன். திரை வாங்கிவிட்டோம், 189 வெள்ளி. 24 அங்குலம், 1920க்கு 1200, தமிழாசிரியை சொன்னதற்காக உயரம் கூடியதையே தேடினோம். எச்டிஎம்ஐயில் உடனே வேலை செய்தது. யூஎஸ்பி-சியில் படம் வரவில்லை, திருகாணி சொன்னது சரி. பழைய சுவரொட்டிக் கோப்பைத் திறந்து இரண்டு திரையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து மகள் வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். சுவரொட்டியைப் பொங்கலுக்குப் புதிதாகச் செய்கிறாள்.

பேட்டரி அறிக்கையும் எடுத்தோம். வடிவமைப்பு 56, இப்போது 52.3. எட்டு மாதத்தில் அது சுமாரா, மோசமா?

---

திருகாணி
சனி, இரவு 9.05

93 விழுக்காடு. நல்ல நிலை. 80 வரம்பை வைத்துவிட்டீர்கள்தானே, இனி இன்னும் மெதுவாகத்தான் இறங்கும்.

---

துவாஸ் தம்பி
ஞாயிறு, மாலை 5.15

அண்ணா, கடைக்குப் போய் டாஸ்க் மேனேஜரைத் திறக்கச் சொன்னேன். முதலில் காட்டிய பொருளில் ரேம் முழுவதும் பற்றவைத்தது, கூட்டவே முடியாது. விற்பனையாளரே பார்த்துவிட்டு மன்னிப்புக் கேட்டார், அவருக்கும் தெரியாது போலிருக்கிறது. இரண்டாவதில் இரண்டு துளை, ஒன்று காலி. மாதிரி எண்ணை உங்களுக்குத் தனிச் செய்தியில் அனுப்பினேன், நீங்கள் சரி என்றீர்கள், அனைத்துலக உத்தரவாதமும் நிறுவனத்தின் பக்கத்தில் இருந்தது. இன்று வாங்கிவிட்டேன். கூடுதல் 8 ஜிபியையும் அங்கேயே போட்டுக் கொடுத்தார்கள். எல்லாம் சேர்த்து 886 வெள்ளி. நாலாபுறமும் படம் எடுத்துவிட்டேன் அக்கா.

தங்கைக்கு இன்னும் சொல்லவில்லை. அவள் தமிழில் கதை எழுதுவாள், கைப்பேசியில்தான் தட்டிக்கொண்டிருக்கிறாள். கணினியில் தமிழ் தட்டச்சுக்கு எது போட்டுக் கொடுக்கலாம்?

---

தமிழாசிரியை
ஞாயிறு, இரவு 7.40

தமிழ் 99 விசைப்பலகை முறையைப் போட்டுக் கொடுங்கள் தம்பி. விண்டோஸ் 11இல் தனியாக எதுவும் இறக்க வேண்டாம், அமைப்புகளில் மொழி என்ற இடத்தில் தமிழைச் சேர்த்து விசைப்பலகையைத் தேர்ந்தெடுத்தால் போதும். உயிரெழுத்து இடக்கையில், மெய் வலக்கையில். புள்ளியைப் பல இடங்களில் அதுவே போட்டுக்கொள்ளும். முதல் வாரம் தடுமாறுவாள். விசைகளின் இடத்தைக் காட்டும் படம் ஒன்றை உங்களுக்கு அனுப்புகிறேன், அச்சிட்டு மடிக்கணினிப் பையிலேயே வைத்துக் கொடுங்கள்.